எட்டில் துள்ளிய விரல்

பிப்ரவரி 26

தம்பி மனைவிக்கு,

நேற்று போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் தம்பியின் கைக்கு நம் சண்டை தெரியாது. அதனால் எழுதுகிறேன். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், சொன்னபடி செய்தால் போதும்.

இதோடு வரும் பெட்டியில் மெஷின் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் பத்து வருஷம் உழைத்தது. புதியது வந்ததும் கெஞ்சிக் கூத்தாடி இதை வாங்கினேன். பார்க்கப் பழைய ரேடியோ மாதிரி இருக்கும், ஆளைக் கொல்லாது. கடையில் முதுகுவலிக்கு விற்கிற சின்ன மெஷின் போதாதா என்று கேட்பாய். போதாது. அது நரம்பு உள்ள சதையைத்தான் ஆட்டும்.

தம்பிக்கு முழங்கைக்கு மேலே அறுந்த நரம்பைத் தைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அது புதிதாக வளர்ந்து விரலுக்கு வந்து சேர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால். அங்கிருந்தபோது டேப்பால் அளந்தேன், முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கணக்கை நீயே போட்டுக்கொள். அதுவரை சதை சும்மா கிடந்தால் வற்றி நாராகிப்போகும். நரம்பு வந்து கதவைத் தட்டும்போது வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கரண்ட். இதனால் பெரிய பிரயோஜனமில்லை என்கிற டாக்டர்களும் உண்டு. அவர்களுக்குக் கூடப்பிறந்த தம்பி யாரும் இல்லை போல.

நான் இருந்த பத்து நாளும் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தேனே, ஞாபகமிருக்கிறதா? ஒன்று மணிக்கட்டில். மற்றது புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்த இடத்தில். குளித்தால் அழியும். முழுக்க அழிவதற்குள் அதன் மேலேயே மறுபடி வை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, அதன் மேல் ரப்பர் பேடை வைத்து, பட்டையால் கட்டு. மெஷினின் திருகை எண் முப்பது வரை கொண்டுபோ. ஆள்காட்டி விரல் கட்டைவிரல் பக்கமாக நகரும். புழு நெளிகிற மாதிரி, சோம்பலாக. இப்போதைக்கு அதுதான் சரி. காலையில் இருபது நிமிஷம், ஒரு நாள்கூட விடக்கூடாது.

அன்று நான் போனில் சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கண்ணாடி ஷீட்டின் மறுமுனையை நீ விட்டதால்தான் இவ்வளவும் என்று சொன்னேன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

மெஷின் உடையாமல் வந்தது. உங்கள் தம்பி அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். காலையில் பெட்டியைத் திறந்தால், "வந்துட்டாடி உன் நாத்தனார், சுருக்குனு நாலு குத்து குத்திட்டுப் போக" என்கிறார். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

போனை வைத்தது கோபத்தில் மட்டுமில்லை. அது அவர் தலைமாட்டில் இருக்கிறது. நீங்கள் பேசினால் எனக்கு அழுகை வரும், அழுதால் அவருக்குத் தெரிந்துபோகும். கடிதமென்றால் கீழே நம் கண்ணாடிக் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படிக்கலாம். கடையில் இப்போது எனக்கு வேறு வேலையும் இல்லை.

நீங்கள் சொன்னது பொய்யில்லை. மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான். ஷீட் மேஜை மேல் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தேன். உட்காரவில்லை, சரிந்து அவர் கையில் இறங்கிவிட்டது. ஆறு வருஷமாக அவரோடு கண்ணாடி தூக்கியவள் நான், ஒரு தடவைகூட அப்படி எடுத்ததில்லை. இதைச் சொல்லிக் காட்ட அடுத்தவர் தேவையில்லை அண்ணி. சோப்பு போடும்போதும், தலை வாரும்போதும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புள்ளியைத் தினமும் குளிப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்கிறேன். முப்பது வைத்தால் விரல் நகர்கிறது. புழு மாதிரிதான். அவர் பார்ப்பதில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியே கிடக்கின்றன. நீவிவிட்டால் நிமிரும், விட்டால் பழையபடி.

இங்ஙனம்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 9

அம்மாடி,

நாத்தனார் என்று பெயர் வைத்தானா? வார்டில் நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தேன். கட்டிலில் படுத்திருந்த நோயாளி தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து முறைத்தார்.

அந்த வார்த்தைக்கு என்னை மன்னித்துவிடு. ஆஸ்பத்திரியில் தினமும் சொந்தக்காரர்களைப் பார்க்கிறேன். யாராவது ஒருத்தர் மேல் பழியைப் போட்டால்தான் அவர்களால் நிற்க முடிகிறது. நானும் அதையே செய்திருக்கிறேன். பத்து நாள் லீவு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவள் நான். இருந்து பார்ப்பவள் நீ. பேசுகிற உரிமை யாருக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவன் சுவரைப் பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் நீ நம்பிக்கையாகப் பேசு. அவன் எதையும் நம்புவான். சின்ன வயசில் முன்பல் விழுந்தபோது, நாளைக்கே முளைத்துவிடும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

இதுவரை எட்டு சென்டிமீட்டர் வந்திருக்கும். முழங்கையைத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள். தாண்டவில்லை என்று சொல்ல யாராலும் முடியாது.

அண்ணி


ஜூன் 5

அண்ணி,

இதை அனுப்புவேனா என்று தெரியவில்லை. அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னால் முடியவில்லை. முப்பதில் இப்போது விரல் அசைவதே இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வைக்க வேண்டியிருக்கிறது. வைத்தால் அவருக்கு எரிகிறது. பேடை எடுத்தால் அந்த இடம் சூடு போட்ட மாதிரி சிவந்திருக்கிறது. போன வாரம் பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டார். பேடு பீரோவில் பட்டு ஓர் ஓரம் விண்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். "அசையாத கைக்கு எதுக்குடி தினமும் சூடு?" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே போய்ப் பொறுக்கி வந்தார், இடது கையால்.

கடைக்கு ஆள் வராமல் இல்லை. ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி, படத்துக்கு ஒரு கண்ணாடி என்று வருகிறார்கள். அவர் படியில் இறங்கி வந்து, "இப்ப வேலை எடுக்கிறதில்லைங்க" என்று சொல்லி அனுப்புகிறார். போன திங்கட்கிழமை யாருமில்லாத நேரத்தில் கண்ணாடி அறுக்கிற கட்டரை எடுத்துப் பார்த்திருக்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நின்றால்தானே கோடு விழும்? நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது, எலி என்றார்.

நான் கேட்பது ஒன்றுதான். அசையாத விரலுக்குத் தினமும் கரண்ட் வைத்தால், அது யாருக்காக வைப்பது?


ஜூன் 18

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. அனுப்பினாயே, அதுவே நல்லது.

நிறுத்தாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்தாதே. இதுதான் மோசமான காலம். நரம்பு வழியில் இருக்கிறது, சதையோ பசியில் கிடக்கிறது. அதனால்தான் அதிகமாகக் கேட்கிறது. எத்தனை பேர் இந்த இடத்தில் விட்டுவிட்டு, நரம்பு வந்து சேரும்போது சதையில்லாமல் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா?

தோல் சிவந்தால் பஞ்சை இன்னும் நன்றாக நனை. ஒரே இடத்தில் வைத்தால் புண்ணாகும், கொஞ்சம் நகர்த்தி வை. எந்த இடத்தில் குறைந்த கரண்டுக்கு அசைகிறதோ அங்கே வை. நாங்களும் அப்படித்தான் தேடுவோம்.

யாருக்காக என்று கேட்டிருக்கிறாய். இன்றைக்கு எனக்காக என்று வைத்துக்கொள்.

அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

துள்ளிவிட்டது! அவசரமாக எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்துக்கொண்டே வந்தேன். எரிச்சல் குறைந்தது. அவரும் முன்னைப்போல் கையை இழுத்துக்கொள்ளாமல் காட்டினார். போன வியாழக்கிழமை திருகை மெல்லத்தான் திருப்பினேன். எட்டுதான் இருக்கும். விரல் பட்டென்று துள்ளியது. நெளியவில்லை அண்ணி, யாரோ சுண்டிவிட்ட மாதிரி துள்ளியது. ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் துள்ளியது. நாற்பது கேட்ட கை எட்டிலேயே துள்ளுகிறது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி, பைத்தியமா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் துள்ளுகிறது. அவரும் சுவரைப் பார்ப்பதில்லை.

இப்போது ஒரு விஷயம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்ஜனைப் பார்த்தோம். முழங்கைக்கு மேலே தைத்த நரம்பு வந்து சேர நேரமாகும், அதற்குள் சதை போய்விடலாம் என்கிறார். முன்கையில் நல்ல நரம்பின் ஒரு கிளையை வெட்டி, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இதோடு சேர்த்துவிட்டால் சீக்கிரம் போய்ச் சேருமாம். ஆகஸ்ட் பத்தாம் தேதி கொடுத்திருக்கிறார். தள்ளிப்போட்டால் பிரயோஜனமில்லையாம். விரல் துள்ளியதை நான் சொன்னேன். அவர் அவசரத்தில் இருந்தார். "அப்படியா, நல்லது, உங்க பிசியோ என்ன சொல்றாங்கன்னு கேட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

எங்கள் பிசியோ நீங்கள்தானே. நல்லாயிருக்கிற நரம்பையும் வெட்டுவதா என்று இவருக்குப் பயம். எனக்கும்தான். நீங்கள் எப்படிச் சொன்னாலும் செய்கிறோம்.

தம்பி மனைவி


ஜூலை 30

என் கண்ணே,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். ஐந்தாவது தரம் படிக்கும்போது அழுதுவிட்டேன். பஞ்சு அலசுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

நெளிவது நின்று துள்ளினால், குறைந்த கரண்டுக்கே துள்ளினால், அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நரம்பு வந்துவிட்டது. என் கணக்குப்படி டிசம்பர் ஆகும். ஆனால் சிலருக்குச் சீக்கிரம் வரும். தம்பிக்கு வயசு குறைவு, சிகரெட் இல்லை, நீ ஒரு நாள்கூட விடாமல் வைத்திருக்கிறாய். ஏன் வரக்கூடாது?

ஆபரேஷன் வேண்டாம். ஒரு நரம்பு வந்துகொண்டிருக்கும்போது அதன் வாசலில் இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டுவதில் அர்த்தமில்லை. தேதியை வேண்டாமென்று சொல்லிவிடு. நான் சொன்னேன் என்று தம்பியிடம் சொல். நரம்பு வந்துவிட்டது என்று அக்கா எழுதியிருக்கிறாள் என்று, இந்த வரியை அவனுக்குப் படித்தே காட்டு.

சாப்பிடுகிறாயா? உன்னைப் பற்றி ஒரு கடிதத்தில்கூட நீ எழுதவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.

அண்ணி


அக்டோபர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நடுவில் இரண்டு கடிதம் போட்டீர்கள், பதில் போடவில்லை. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன்.

கரண்ட் வைத்தால் துள்ளுகிறது. எடுத்தால் ஒன்றுமில்லை. அவராக அசைக்கப் பார்த்தால் அசையவில்லை. அந்தக் கடிதங்களில் நீங்கள் சொன்ன காகிதப் பரீட்சையும் செய்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, இழுக்கும்போது விடாதீர்கள் என்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கிறார். தினமும் காகிதம் என் கைக்கே வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நான் மெதுவாகத்தான் இழுக்கிறேன்.

குழி இன்னும் ஆழமாகியிருக்கிறது. விரலை வைத்தால் எலும்பு தெரிகிறது. நரம்பு வந்தபிறகு சதை ஊற எத்தனை நாள் ஆகும் அண்ணி? மூன்று மாதம் ஆகிவிட்டதே.

தம்பி மனைவி


அக்டோபர் 27

அம்மாடி,

ஒன்று கேட்கிறேன், கவனமாகப் பதில் சொல். ஒரு வெள்ளைத்தாளில் தம்பியின் கையைக் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போடு. நீ தினமும் வைக்கிற புள்ளி எங்கே இருக்கிறதோ, தாளிலும் அதே இடத்தில் வை. அதோடு, துள்ளுவது எந்த விரல் என்று எழுது.

உடனே அனுப்பு.

அண்ணி


நவம்பர் 4

அண்ணிக்கு,

தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். நகர்த்தி நகர்த்திக் கடைசியில் நின்ற இடம் இதுதான். இங்கேதான் துள்ளுகிறது.

கட்டைவிரல்தான் துள்ளுகிறது. ஆள்காட்டி விரல் அப்புறம் வரும் என்றுதான் இருந்தேன். ஏன் கேட்கிறீர்கள்?


நவம்பர் 15

அம்மாடி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தம்பி பக்கத்தில் இருந்தால் அப்புறம் படி.

தாளைப் பார்த்தேன். இடுக்குக் குழியில் இருக்க வேண்டிய புள்ளி கட்டைவிரலின் வெளி ஓரத்துக்குப் போயிருக்கிறது. ஒன்றரை அங்குலம். அந்த இடத்துச் சதைக்கு வேறு நரம்பு, அது அறுபடவே இல்லை. முதல் நாளிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு எட்டு போதும். உன் கையில் வைத்தாலும் எட்டில் துள்ளும், என் கையில் வைத்தாலும் துள்ளும். நான்கு மாதமாக நல்லாயிருக்கிற சதைக்கு நாம் பயிற்சி கொடுத்திருக்கிறோம். பட்டினி கிடந்தது பட்டினியாகவே கிடந்திருக்கிறது. நரம்பு அங்கே வரவில்லை. ஜூலையில் வந்திருக்கவும் முடியாது.

உன் மேல் தப்பில்லை. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நகர்த்தி வை என்று எழுதினது நான். குறைந்த கரண்டுக்கு எங்கே அசைகிறதோ அங்கே வை என்று எழுதினதும் நான். வீட்டில் இருப்பவளுக்கு நல்ல சதையும் தெரியாது, செத்த சதையும் தெரியாது. எரியாத இடத்தையும் அசைகிற இடத்தையும் தேடினால் புள்ளி அங்கேதான் போய் நிற்கும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விரல் துள்ளியது என்று நீ எழுதினாய். எந்த விரல் என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது தரம் கேட்கிற கேள்வி அது. நோயாளி, 'காலு ஆடுது மேடம்' என்றால், எந்தப் பக்கம், எந்த விரல், எப்படி என்று துருவித் துருவிக் கேட்டு அழவைப்பேன். என் தம்பி என்றதும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் பயந்தேனோ என்னவோ. டிசம்பர் என்று நானே போட்ட கணக்கை ஜூலையில் நானே அழித்தேன். அந்த ஒரு கடிதத்தால் ஆகஸ்ட் பத்தாம் தேதி போயிற்று.

உடனே சர்ஜனைப் பாருங்கள். ஊசி போட்டு நரம்பைச் சோதிப்பார்கள். இனி அந்த ஆபரேஷன் முடியுமா என்று கேளுங்கள். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

நேற்று ஒரு நோயாளிக்குப் பேடு வைக்கப் போனேன். வைத்த இடம் சரிதானா என்று மூன்று தரம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் பக்கத்திலிருந்த பெண்ணைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன்.

தம்பியிடம் நீ சொல்ல வேண்டாம். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான் வந்து சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். போனில் நான் உன்னைச் சொன்னதுபோல் ஒரு வார்த்தையாவது சொல்.

அண்ணி


ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

லீவு கிடைத்து நீங்கள் வருவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். படித்ததும் முதலில் நம்பவில்லை. மாடிக்குப் போய் மெஷினை எடுத்துவந்து என் கட்டைவிரலில் கட்டி எட்டு வைத்தேன். துள்ளியது. அப்படியே துள்ளவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நல்ல கோபம். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்களே, பத்து வார்த்தை எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்தது பெருந்தன்மையால் இல்லை. கண்ணாடியை விட்டவள், புள்ளியையும் விட்டவள், நான் யாரைச் சொல்வது?

ஊசிப் பரீட்சை ஆயிற்று. ஆள்காட்டிப் பக்கத்துச் சதையில் ஊசியை இறக்கினால் அவர்கள் மெஷினில் ஒரு சத்தமும் இல்லை. அது சதையாகவே இல்லை, நார் என்கிறார் சர்ஜன். தைத்த நரம்பு மணிக்கட்டுக்கு மேலேயே எங்கோ நிற்கிறதாம். இனி எந்த நரம்பைக் கொண்டுவந்து ஒட்டினாலும் எழுப்ப அங்கே ஒன்றுமில்லை. வேறு விரலின் தசைநாரைத் திருப்பிக் கட்டலாம், பேனா பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம் என்றார். கட்டர் பிடிக்கலாமா என்று இவர் கேட்டார். சர்ஜன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே, வேறு வேலை யோசிக்கலாமே என்றார்.

நீங்கள் வந்து சொல்வதாக எழுதியிருந்தீர்கள். என்னால் அதுவரை வைத்திருக்க முடியவில்லை. பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"என்னங்க, நாம பேடு வெச்ச இடமே தப்பு."

டீயைக் கீழே வைத்தார். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"துள்ளுன அன்னிக்கே. கை என்னோடதுடி. நல்ல விரல் எது, செத்த விரல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சே. அடிபட்டதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சே. மறுநாளும் சிரிப்பியான்னு கையைக் கொஞ்சம் திருப்பிக் குடுத்தேன். நீ புள்ளியை அங்கேயே வெச்சுட்டே."

"ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அக்கா எழுதியிருந்தாளே, நரம்பு வந்துருச்சுன்னு. நீதானே படிச்சுக் காமிச்சே? அவளுக்குத் தெரியாததா? நாந்தான் தப்பா நினைச்சுட்டேன் போலன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். அண்ணி, நான் சிரித்ததை அவர் பார்த்தார், நான் எழுதியதை நீங்கள் பார்த்தீர்கள், நீங்கள் எழுதியதை அவர் கேட்டார். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

கடையை விட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. எதிர்ச்சாரியில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர் மேஜையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஷீட்டுகளை யார் வந்து தூக்குவது என்று தெரியவில்லை. நான் தொடுவதில்லை.

நீங்கள் வாருங்கள். வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு யாராவது வேண்டும். அவருக்கு உங்கள் மேல் கோபமில்லை, என் மேலும் இல்லை. கோபப்பட்டால் தேவலை. பட்டையைப் பிடுங்கி எறிந்தாரே, அந்த ஜூன் மாதம் எவ்வளவோ மேல்.

இன்று காலை மெஷின் ஒயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன், உங்களிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று. அவர் வந்து எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார்.

"வை" என்றார்.

"இனிமே எதுக்குங்க?"

"வைன்னா வை. அக்கா சொன்ன இடத்துல."

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்து, குழிக்குள் புள்ளி வைத்து, பேடைக் கட்டினேன். முப்பது வைத்தேன். நாற்பது வைத்தேன். விரல் அசையவில்லை. இன்னும் ஏத்து என்றார். அவருக்கு எரிகிறது என்று கழுத்து நரம்பு புடைப்பதில் தெரிந்தது, ஆனால் கையை இழுக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கப் போனால், "இருக்கட்டும்" என்றார். இருபது நிமிஷமும் வைத்திருந்தேன்.

நாளைக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி